சேறு சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

சிங்கப்பூரில் சேற்றைப் பார்க்க வேண்டுமென்றால் தேடிக்கொண்டுதான் போக வேண்டும். வீட்டுக்குக் கீழே புல்வெளி, அதை ஒட்டி நடைபாதை, அதை ஒட்டி வடிகால். எவ்வளவு மழை கொட்டினாலும் சற்று நேரத்தில் தரை துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடுகிறது. இங்கே டயோராமா, அதாவது ஒரு பலகைமேல் ஒரு காட்சியைச் சிறிய அளவில் பொம்மைகளோடு அமைக்கும் வேலை, செய்பவர்கள் பலர் டாங்கியையும் லாரியையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி செய்துவிட்டு, அவற்றை நிறுத்திவைக்கும் சேற்றில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். காலால் மிதித்துப் பழகாத ஒன்றைப் படத்தை மட்டும் பார்த்துச் செய்வது கடினம்.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது 1/35 அளவில் (நிஜத்தில் 35 சென்டிமீட்டர் இங்கே ஒரு சென்டிமீட்டர்) ஓர் எருமைக் கொட்டிலும் அதன் முன்னால் ஒரு சேற்றுக் குட்டையும். சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வியாபாரம் நடந்த காலத்து நிலம். அந்த வட்டாரத்துக்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர்; மலாயில் அதற்கு எருமைக் கொட்டில் என்று பொருள். தேக்காவில் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் இன்றும் இருக்கின்றன. எருமையும் இல்லை, அது புரண்ட சேறும் இல்லை. அந்தச் சேற்றைக் கொண்டுவரும் முயற்சியில் எனக்கு நேர்ந்த பிழைகளையும், நண்பர்கள் கையில் ஏந்திக்கொண்டு வந்து காட்டிய பிழைகளையும் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் பலகையில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று?

டப்பாவைத் திறக்கும் முன் நான் காகிதத்தில் எழுதிக்கொள்ளும் முதல் வரி இதுதான். மழை பெய்துகொண்டே இருக்கிறது என்றால் மேடும் பள்ளமும் சேர்ந்து மினுங்கும், நீர் ஓடும். விட்டு இரண்டு மணி நேரம் என்றால் பள்ளத்தில் நீர் நிற்கும், மேடு கறுத்திருக்கும், ஆனால் மினுங்காது. மறுநாள் பிற்பகல் என்றால் மேடு வெளுத்திருக்கும், தடங்களின் அடியில் மட்டும் ஈரம். நாலைந்து நாள் வெயில் என்றால் ஓரங்கள் வெடித்து விளிம்பு சுருண்டிருக்கும். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்களே இருக்கின்றன. காலை விட்டால் மீட்க முடியாதது உளை. நாற்று நட உழுது கலக்கியது தொளி. மிதிபட்டு மிதிபட்டுக் கூழாய்ப் போனது சகதி. வெள்ளம் வடிந்தபின் படிந்தது வண்டல். எது உங்கள் பலகையில் வரப்போகிறது என்று முடிவு செய்யாமல் தொடங்கினால், ஒரே பலகையில் நாலு நாளின் சேறு கலந்துவிடும். பார்ப்பவருக்கு எது தவறு என்று சொல்லத் தெரியாது. ஏதோ தவறு என்று மட்டும் தெரியும். கீழே வரும் பிழைகளில் பாதி இங்கிருந்து பிறப்பவை. மீதிப் பாதி நம் ஊர்க் காற்றின் ஈரத்திலிருந்து பிறப்பவை.

நான் பயன்படுத்தும் கலவையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் அளவுகள் புரிவதற்காக. சலித்த உலர்ந்த மண் இரண்டு பங்கு, சுவர் விரிசலை அடைக்கும் புட்டி மாவு ஒரு பங்கு, வெள்ளைப் பிவிஏ பசை ஒரு பங்கு, அக்ரிலிக் வண்ணம், வேண்டிய அளவு தண்ணீர். அடித்தளத்துக்கு இட்லி மாவுப் பதம், மேல்பூச்சுக்கு நீர்த்த தோசை மாவுப் பதம். மண்ணைப் பூங்காவிலும் இயற்கைக் காப்பகத்திலும் அள்ளாதீர்கள். செடிக்கடையில் விற்கும் பை மண் போதும்.

மேலே காய்ந்துவிட்டது, உள்ளே இன்னும் ஈரம்

இங்கே இதுதான் முதல் நோய். பசை டப்பாவில் 24 மணி நேரம் என்று போட்டிருப்பதை நம்பி அடுத்த வேலைக்குப் போகிறோம். அந்த 24 மணி நேரம் வறண்ட காற்றுக்கானது. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. மேல்பரப்பு தோல் கட்டிக்கொள்ளும், அடியில் இருக்கும் நீர் வெளியே வர வழியில்லாமல் கிடக்கும். அதன்மேல் வண்ணமும் வார்னிஷும் போட்டால் ஒரு வாரத்தில் கொப்பளிக்கும் அல்லது பூசணம் பிடிக்கும்.

கண்ணால் பார்த்து ஈரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பலகையைத் தூக்கிக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். உள்ளிருந்து நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை அந்த இடம் அறையின் வெப்பத்தைவிடச் சில்லென்று இருக்கும். சந்தேகம் தீராவிட்டால், பின்னால் புல்லோ கல்லோ மறைக்கப்போகும் ஓர் இடத்தில் பல் குத்தும் குச்சியைச் செருகி எடுங்கள். நுனியில் களி ஒட்டியிருந்தால் இன்னும் ஆகவில்லை. இட்லி வெந்ததா என்று குத்திப் பார்ப்பது போலத்தான்.

ஏற்கெனவே தோல் கட்டிவிட்டது என்றால், ஊசியால் தடங்களின் அடியிலும் பள்ளங்களிலும் நெருக்கமாகக் குத்தி நீருக்கு வழி விடுங்கள். பிறகு மின்விசிறியின் நேர்க்காற்றில் வையுங்கள். குளிர்சாதனம் இருந்தால் ஈரம் உறிஞ்சும் முறையில் ஓடவிட்டு அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்; ஓர் இரவில் பெரிய வித்தியாசம் தெரியும். துணி காயப்போடும் இடத்தில், வெயிலில் வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். மேல்தோல் இன்னும் வேகமாக இறுகும், பலகை வளையும், நாலு மணி மழையில் நனையவும் நனையும்.

அடுத்த முறைக்கு ஒரே விதி: ஒரு பூச்சு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மேடு வேண்டுமென்றால் ஃபோம் அட்டையை அடுக்கி உயரத்தை எழுப்பிவிட்டு, அதன்மேல் சேற்றைத் தோல் போல விரியுங்கள். உயரத்தைச் சேற்றாலேயே எழுப்புகிறவர்தான் ஒரு வாரம் காத்திருப்பவர்.

வேண்டாத இடத்தில் விரிசல்

நீர் வெளியேறும்போது கலவை சுருங்குகிறது. அடியில் மரமோ ஃபோமோ சுருங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே இழுபறி ஏற்பட்டு வெடிக்கிறது. தடிமன் கூடினாலும், தண்ணீர் கூடினாலும், களித்தன்மை கூடினாலும் விரிசல் கூடும். மணல் சேர்த்தால் குறையும், ஏனென்றால் மணல்மணிகள் ஒன்றையொன்று தாங்கிச் சுருங்க விடாது. கடைக் களிமண்ணை அப்படியே அப்புகிறவர்களுக்கு விரிசல் வருவது இதனால்தான்.

அடைப்பதற்கு அதே கலவையைத் தயிர்போல நீர்க்கவிட்டு, விரிசலை முதலில் தூரிகையால் நனைத்து, பிறகு நிரப்புங்கள். நனைக்காமல் நிரப்பினால் காய்ந்த சுவர் நீரை உறிஞ்சிக்கொண்டு புதிய கலவையைத் துப்பிவிடும். நிரப்பிய இடம் வழவழவென்று தழும்பு போலத் தெரியும். ஈரம் இருக்கும்போதே பழைய பல் துலக்கும் தூரிகையால் லேசாகத் தட்டிவிட்டால் மறைந்துவிடும்.

விரிசலே வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அளவைக் கவனியுங்கள். காய்ந்த குட்டையில் ஒரு சில்லு 10 சென்டிமீட்டர் அகலம் என்றால் 1/35இல் அது 3 மில்லிமீட்டர் கூட இல்லை. தானாக வெடிக்கவிட்டால் 2 சென்டிமீட்டர் சில்லுகள்தான் வரும். அவை நிஜத்தில் 70 சென்டிமீட்டர் பாளங்கள். ஊசியால் கீறிச் செய்வதே நல்லது.

வெள்ளையாக ஏதோ பூக்கிறது

இரண்டு விதம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விரலால் தடவினால் பஞ்சுபோல நசுங்கி, ஈர நிலவறை வாடை அடித்தால் பூசணம். கரகரவென்று பொடியாக உதிர்ந்தால் உப்பு.

பூசணத்துக்குக் காரணம் நாம் போட்ட தீனி. பயன்படுத்திய தேயிலைத் தூள், காப்பிச் சக்கை, மரத்தூள், சுடாத மண். தேயிலைச் சக்கை உதிர்ந்த இலைக்கு அருமையான பொருள்; அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் வடிகட்டியிலிருந்து நேராகப் பலகைக்கு வரக் கூடாது. சூட்டடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேல் அரை மணி நேரம் உலர்த்தியெடுங்கள். மண்ணுக்கும் அதே வைத்தியம். வீட்டில் சமைக்கும் தட்டில் வைக்காதீர்கள், இதற்கென்று ஒரு பழைய தட்டை ஒதுக்குங்கள். பூசணம் வந்துவிட்ட பலகையில், முகக்கவசம் அணிந்துகொண்டு, பிடித்த இடத்தையும் சுற்றி ஒரு சென்டிமீட்டரையும் சுரண்டி எடுத்துவிட்டு, 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து, முழுதாக உலரவிட்டு, மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷால் மூடுங்கள். ஆல்கஹால் அக்ரிலிக் வண்ணத்தைக் கரைக்கும், அதனால் அங்கே மறுபடி வண்ணம் தீட்ட வேண்டியிருக்கும். தேயிலைக்குப் பதில் தென்னை நார்த்தூள் போட்டால் அது மெதுவாகத்தான் மட்கும். ஆனாலும் உலர்த்திவிட்டே போடுங்கள். நாரைப் பிரித்தெடுத்தால் வேர்களும் ஆயிற்று.

உப்புக்குக் காரணம் கழுவாத கடல்மணல். அது காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், வெள்ளை திரும்பத் திரும்ப வரும். ஈரத்துணியால் பலமுறை ஒற்றியெடுத்துப் பார்க்கலாம், ஆனால் நிற்காது. மீன் தொட்டிக்கு விற்கும் மெல்லிய மணலை வாங்கி மூன்று தண்ணீரில் அலசிப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மணல் மணல்போல் இல்லை, பாறைபோல் இருக்கிறது

1/35இல் ஒரு மில்லிமீட்டர் மணல்மணி மூன்றரை சென்டிமீட்டர் கூழாங்கல். 1/72இல் அதுவே ஏழு சென்டிமீட்டர் கல். சேறு என்பது கல் குறைந்த இடம். அதில் கண்ணுக்குத் தெரியும் எந்த மணியும் கல்லாகவே தெரியும். டீ வடிகட்டியில் ஒருமுறை, பழைய மல் வேட்டித் துணியில் ஒருமுறை சலித்தால் போதும். வேட்டியில் இறங்கும் தூள்தான் சேறு. வடிகட்டியில் தங்கியதைத் தூக்கி எறியாதீர்கள், பத்துப் பதினைந்து மணிகளைத் தேர்ந்து தடத்தின் ஓரத்தில் கல்லாக வைக்கலாம்.

காய்ந்த பலகையில் ஏற்கெனவே பாறை தெரிகிறது என்றால் சுரண்ட வேண்டாம். சலித்த தூளில் செய்த தோசை மாவுப் பதக் கலவையை மேலே ஒருமுறை ஓடவிடுங்கள். மணிகள் புதைந்து, மேடு பள்ளம் மட்டும் மிஞ்சும்.

சேறு சாக்லேட் கேக் போல இருக்கிறது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை இதுதான், ஏனென்றால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போதுகூட இது ஒன்றே முழு வேலையையும் கெடுத்துவிடும். கரையிலிருந்து கரைவரை ஒரே பழுப்பு. அந்தப் பழுப்பும் எந்த நாட்டு மண்ணும் இல்லை, டப்பா மேல் சேறு என்று எழுதியிருந்த பழுப்பு.

மண்ணுக்கு ஊர் உண்டு. இந்தச் சின்னத் தீவிலேயே பாருங்கள். புக்கிட் தீமா பக்கத்துக் கிரானைட் பாறை சிதைந்து வந்த மண், இரும்பு ஆக்சைடு ஏறிச் செங்காவியாக இருக்கும். கடலோரத் தாழ்நிலங்களில் அடியில் கிடக்கும் கடல் களிமண் நீலம் கலந்த சாம்பல். சுங்கை பூலோ, கிராஞ்சி பக்கத்துச் சதுப்புச் சேறு மேலே சாம்பல் பழுப்பு, கிளறினால் கறுப்பு. காற்றுப் புகாத மண்ணில் இரும்புச் சல்ஃபைடு உண்டாவதால் வரும் கறுப்பு அது. அழுகிய முட்டை வாடையும் அங்கிருந்துதான். 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை இத்தீவின் வடமேற்குக் கரையில் இறங்கியது. மறுநாள் இரவு கிராஞ்சியில் இறங்கியவர்கள் சதுப்பில் சிக்கினார்கள். அந்தக் காட்சியைச் செய்கிறவர் செம்மண் பூசினால், எவ்வளவு துல்லியமான சீருடை போட்டிருந்தாலும் அது கிராஞ்சி ஆகாது. அதே போல 1941 இலையுதிர்காலத்து உக்ரேன் என்றால் கருமண். 1917 பாசெண்டேல் (முதல் உலகப் போரின் பெல்ஜியப் போர்க்களம்) என்றால் பீரங்கிக் குண்டுகள் வடிகால்களை உடைத்துக் கூழாக்கிய சாம்பல் பழுப்புக் களி. ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள், நிறம் தானாகவே குறுகிவிடும்.

அடுத்தது ஈரம். ஒரே மண்தான் ஈரமானால் கருமையாகத் தெரிகிறது. துகள்களுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்ததும், ஒளி மேலே திரும்பிச் சிதறுவது குறைந்து உள்ளேயே அதிகம் உறிஞ்சப்படுகிறது. ஆகவே ஈரத்துக்கு வேறு பழுப்பைத் தேட வேண்டாம். அதே பழுப்பின் கருமையான வடிவம்தான் வேண்டும். நான் மூன்று கிண்ணம் வைத்துக்கொள்கிறேன். நடுவில் அடிநிறம். வலப்பக்கம் அதே நிறத்தில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் ஒரு துளி நீலமும் சேர்ந்தது, அதுதான் ஈரம். இடப்பக்கம் அதே நிறத்தில் தந்த வெள்ளை கலந்தது, அதுதான் காய்ந்த மேடு. சுத்தக் கறுப்பைச் சேர்த்தால் சேறு கரியாகிவிடும், கவனம்.

ஈரநிறத்தை முதலில் பலகை முழுக்கப் பூசிவிட்டு, பிறகு அடிநிறத்தைப் பள்ளத்தில் இறங்காமல் மேடுகளில் மட்டும் ஒற்றுங்கள். கடைசியில் வெளிர்நிறத்தை, தூரிகையைத் துணியில் துடைத்து ஏறத்தாழ உலர்த்திக்கொண்டு, மேட்டின் உச்சியில் மட்டும் உரசுங்கள். மழை விட்டு இரண்டு மணி நேரம்தான் என்று எழுதியிருந்தால் இந்த மூன்றாவது கிண்ணத்தைத் தொடவே கூடாது.

இன்னொன்று. புட்டி மாவு கலந்த சேறு காயும்போது வெளுக்கும். கிண்ணத்தில் பார்த்த நிறத்தை நம்பாமல், ஓர் அட்டையில் தடவி, முடி உலர்த்தியால் காயவைத்துப் பார்த்த பின்பே பலகைக்குப் போங்கள். மாவைக் கலக்கும்போதே வண்ணத்தைச் சேர்ப்பதும் முக்கியம். மேலே மட்டும் வண்ணம் தீட்டினால் ஒரு மூலை உதிர்ந்த அன்று வெள்ளை எலும்பு தெரியும்.

வண்டி சேற்றின்மேல் மிதக்கிறது

சேறு அருமை, வண்டி அருமை, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மயிரிழை நிழல் தெரியும். கண் அதை உடனே பிடித்துவிடும்.

என் எருமையை வைத்தே சொல்கிறேன். நன்றாக வளர்ந்த எருமை ஏறத்தாழ ஐந்நூறு கிலோ. தோள் உயரம் 130 சென்டிமீட்டர் என்றால் 1/35இல் 37 மில்லிமீட்டர். அது குட்டைக்குள் இறங்கும்போது கால் ஒரு சாண் புதைகிறது என்று வைத்துக்கொண்டால் பொம்மையின் கால் 6 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். முதல் முறை சேறு காய்ந்தபின் குளம்புக்குக் கீழே பசை தடவி நிறுத்தினேன். எருமை சேற்றுப் பாயின்மேல் நின்றது. மூன்று நாள் வேலையைப் பெயர்த்து எடுத்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

சரியான நேரம் ஒன்று இருக்கிறது. கலவையை விரித்த பின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல்நுனியால் ஓர் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் பள்ளம் மூடிக்கொண்டால் இன்னும் நேரமாகவில்லை. பள்ளம் நின்று, ஓரம் வெடித்தால் நேரம் கடந்துவிட்டது. பள்ளம் நிற்க வேண்டும், ஓரம் வழவழப்பாகக் கொஞ்சம் மேலே பிதுங்க வேண்டும். அந்தப் பதத்தில் குளம்பில் வாஸ்லினை மெல்லிதாகத் தடவிக்கொண்டு, நேராகக் கீழே அழுத்தி, இம்மியளவு திருகி, மேலே எடுங்கள். நாலு குழியும் கிடைத்ததும் எருமையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சேறு முழுதாகக் காய்ந்தபின் வாஸ்லினைச் சோப்பு நீரில் துடைத்துவிட்டு, மறுபடி அதே குழியில் நிறுத்துங்கள். கால்களைச் சுற்றி இருக்கும் இடைவெளியைத் தோசை மாவுப் பதக் கலவையால் மூடுங்கள். பின்னால் விட்டுவந்த குளம்புத் தடங்களுக்குப் பக்கச்சுவர் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். உளையிலிருந்து காலை உருவும்போது குழி அப்படியே நிற்பதில்லை, வாய் குறுகிவிடும்.

சக்கரத்துக்கும் இதே முறைதான், ஆனால் ஒரு வேறுபாடு. உருளும் சக்கரம் தரையை அழுத்துகிறதே தவிர இழுப்பதில்லை. அதனால் நேராகப் போன தடத்தின் அடியில் டயர்ப் பூவோ டாங்கிச் சங்கிலியின் கண்ணிகளோ தெளிவாகப் பதிந்திருக்கும். சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனால் பொம்மையின் அச்சில் அது சரியாக உருளாமல் தேய்ந்து, தடம் வழுக்கிவிடும். மிஞ்சிய சங்கிலித் துண்டை எடுத்து, அடுத்தடுத்து அழுத்திக்கொண்டே போங்கள். டாங்கி திரும்பிய இடத்தில் மட்டும் சங்கிலி பக்கவாட்டில் உழுது, வளைவின் வெளிப்புறம் சேறு குவியும். அங்கே கரண்டியின் பின்புறத்தால் ஒதுக்கிவிடுங்கள். தடம் வண்டிக்குப் பின்னால் மட்டும்தான் இருக்க வேண்டும், முன்னால் நீண்டுவிடக் கூடாது. இதை எத்தனை பேர் மறக்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

காய்ந்த பலகையில் மிதக்கும் வண்டியைக் காப்பாற்ற: சக்கரம் நிற்கும் இடத்தைக் கத்தியால் வரைந்து 3, 4 மில்லிமீட்டர் தோண்டி எடுத்து, வண்டியை இறக்கி, சுற்றிலும் புதுச் சேற்றை நிரப்புங்கள். தோண்டவே முடியாத பலகை என்றால், சக்கரத்தின் அடியை 2 மில்லிமீட்டர் அறுத்துத் தட்டையாக்கி உட்காரவைத்து ஓரத்தைச் சேற்றால் மூடலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அது புதைந்ததாகவே தெரியும்.

எல்லாம் மினுங்குகிறது, அல்லது எதுவுமே மினுங்கவில்லை

மினுக்கம் நீர் எங்கே நிற்கிறதோ அங்கே. பள்ளத்தின் அடி, தடத்தின் அடி, இப்போதுதான் எடுத்த காலடி. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் இந்த இடங்களில் மட்டும் விட்டு, சுற்றிலும் ஓர் அரைப் பளபளப்பு வளையம் வையுங்கள். முழுக்க மினுங்கிவிட்டால் மேட் வார்னிஷை மேடுகளில் ஒற்றினால் போதும், திரும்பத் தொடங்க வேண்டியதில்லை.

மேட் தெளிப்பு அடித்ததும் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டதா? மழைநாளில் லாக்கர் தெளிப்பு அடித்திருப்பீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. வறண்ட பிற்பகலில், குளிர்சாதனம் ஓடிய அறையிலிருந்து எடுக்காமல் வெளி வெப்பத்துக்குப் பழகிய பலகையின்மேல், பளபளப்பு வார்னிஷை மெல்லிதாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், பிறகு மேட். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தாழ்வாரத்தில் நின்று தெளிக்காதீர்கள், அண்டை வீட்டுக்குள் வாடை போகும். ஃபோம் வெளியே தெரியும் இடம் இருந்தால் அதை முதலில் பிவிஏ பசையால் மூடுங்கள். லாக்கர் ஃபோமைத் தின்றுவிடும்.

குட்டை நீர் பால்போல், பசைபோல், குமிழாக

பிவிஏ பசையைக் குட்டையில் ஊற்றினீர்கள் என்றால் அது தடிமனில் தெளியாது, ஈரக்காற்றில் மறுபடி வெளுக்கும். சுரண்டி எடுத்துவிடுங்கள். எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் தெளிந்த பிசின்) ஊற்றியது பிசுபிசுவென்று நின்றால் இரண்டு பாகங்களின் அளவு தவறு அல்லது கலக்கியது போதவில்லை. அதற்கு மருந்தில்லை, மேலே சரியாகக் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றை ஊற்றி மூடலாம். இறுகியபின் மேலே மட்டும் எண்ணெய்போல் படலம் இருந்தால் அது ஈரக்காற்றின் வேலை. வெதுவெதுப்பான சோப்பு நீரில் துடைத்தால் போய்விடும். குமிழி வருவது அடியில் இருக்கும் மண்ணிலிருந்து. ஊற்றும் முன் குட்டையின் அடியை வார்னிஷால் இரண்டு முறை அடைத்துவிட்டால் குமிழியும் வராது, ஒழுக்கும் இருக்காது.

சேற்றுக் குட்டை தெளிந்த நீர் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஊற்றும் எபாக்சியில் குண்டூசித் தலையளவு மண்நிறத்தைக் கலக்குங்கள். எருமை கிடந்து எழுந்த குட்டைக்கு அதைவிடவும் கொஞ்சம் கூட.

பலகை வளைகிறது, சேறு ஓரத்தில் பெயர்கிறது

மரப்பலகையின் ஒரு பக்கம் மட்டும் நீரைக் குடித்தது. தொடங்கும் முன் மேல், கீழ், நாலு விளிம்பு எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூச வேண்டும். வளைந்ததை நிமிர்த்த, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, மேலே சேறு நசுங்காதபடி ஓரங்களில் மட்டும் புத்தகம் வைத்து இரண்டு நாள் விடுங்கள். பெயர்ந்த ஓரத்தின் அடியில் நீர்த்த பசையை ஊசிக்குழாயால் செலுத்தி அழுத்துங்கள்.

நிறப்பொடி காணாமல் போய்விட்டது

காய்ந்த தூசிபோல் தெரிவதற்காக மேலே தடவும் பொடியைச் சொல்கிறேன். அதன்மேல் அடித்த வார்னிஷ் அதை நனைத்து மறைத்துவிட்டது. வார்னிஷ் முதலில், பொடி கடைசியில். கைபடாத இடத்தில் பொடியை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆட்கள் மட்டும் சுத்தமாக நிற்கிறார்கள்

சேற்றில் நிற்கும் பொம்மையின் பூட்ஸ் கடையில் வாங்கியதுபோல் இருக்கும். அல்லது கணுக்கால்வரை ஒரே சீராகப் பழுப்பில் முக்கியெடுத்ததுபோல் இருக்கும். இரண்டும் நிஜமில்லை. இதைக் கற்றுக்கொள்ள நான் எங்கும் போகவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளம் இருக்கிறது. வெளியே வரும் லாரிகளின் சக்கரத்தை வாசலில் கழுவியனுப்புவார்கள். ஆரஞ்சு நிறத் தண்ணீர் ஓடும். மாலையில் வேலை முடிந்து லாரிக்குக் காத்திருக்கும் தம்பிகள் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அனுமதி கேட்டு அருகில் குனிந்து பார்த்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் பூட்ஸைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

குதிகாலின் பின்புறம்தான் சேறு தடித்து அப்பியிருந்தது. அதற்கு மேலே கணுக்கால்வரை சிதறிய புள்ளிகள், எல்லாம் கீழிருந்து மேலே தெறித்தவை. நடக்கும்போது மடியும் இடத்தில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், சேறு வெடித்து உதிர்ந்து தோல் தெரிந்தது. மூக்குப் பகுதி அடிக்கடி எங்காவது உரசி ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது. காலையில் பட்டது மேலே வெளுத்துக் காய்ந்திருந்தது, கடைசியாக மிதித்தது அடியில் கறுத்து ஈரமாக இருந்தது. ஒரே பூட்ஸில் ஒரு முழு நாள்.

ஆகவே திருத்தும் வரிசை இது. முதலில் வெளிர்நிறத்தை முழங்காலுக்குக் கீழே திட்டுத் திட்டாகத் தொடுங்கள். மடிப்பில் பல் குத்தும் குச்சியால் சுரண்டி விடுங்கள். பிறகு ஈரநிறக் கலவையைக் குதிகாலிலும் அடி விளிம்பிலும் தடிமனாக வையுங்கள். தெறிப்புக்கு, குட்டைத் தூரிகையில் கலவையை எடுத்து, பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குதிகால் பக்கமிருந்து விரலால் சுண்டுங்கள். அப்போதுதான் புள்ளிகள் கீழிருந்து மேலே போகும். பளபளப்பு வார்னிஷ் அடி விளிம்பில் ஒரு துளி, அதற்கு மேல் வேண்டாம். காய்ந்ததும், பலகையில் அந்த ஆளுக்கென்று அழுத்தி வைத்த குழியில் நிறுத்துங்கள்.